இல்லாத கம்பெனி



இன்றைய தலைப்பு, 'கதைக்குள் வரும் கம்பெனிக்கு ஏற்றது மெய்ப் பெயரா, பொய்ப் பெயரா?' நான் பொய்ப் பெயர் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ரொம்ப ஆவேசமாச் சொன்னாங்க. "இல்லாத சோப்பு, இல்லாத சிகரெட்டு, இல்லாத பீரு. இதையெல்லாம் காட்டிப் பார்க்கிறவங்களை முட்டாளாக்குறாங்க"ன்னாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. அம்மா, கதையே பொய்தானே! கதாநாயகன் பொய், கதாநாயகி பொய், மாமியார் பொய். சரி, மாமியாரை மட்டும் விட்டுடுவோம், நான் வீட்டுக்குப் போகணும். (சிரிப்பு) இத்தனை பொய்யையும் சகிச்சுக்கிற நாம, அவங்க கையில இருக்கிற சோப்பு மட்டும் மெய்யா இருக்கணும்னு கேட்கிறோம். அந்த சோப்பை மெய்யாக்கினால் கதைக்கு என்ன ஆகும்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் எதிரணிக்குச் சாதகமான ஒரு சரித்திர உண்மையை நானே கொடுத்துவிடுகிறேன். சினிமாவில் முதலில் வந்தது மெய்ப் பெயர்தான். லூமியேர் சகோதரர்கள் பாரிசில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பரில். மறு வருஷமே, 1896-ல், சுவிட்சர்லாந்தில் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். பெண்கள் தொட்டியில் துணி துவைக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஆனால் முன்னால் பளிச்சென்று 'சன்லைட்' சோப்புப் பெட்டி இருக்கிறது. படம் எடுத்த லவான்ஷி கிளார்க் என்பவர் அந்த ஊரில் லூமியேர் கருவிக்கும் ஆள், சன்லைட் சோப்புக்கும் ஆள்! குழந்தை பிறந்து பேர் வைக்கும் முன்னாலேயே அதன் தொட்டிலில் விளம்பரம் ஒட்டியாகிவிட்டது.

அதற்குப் பிறகு நின்றதா? நிற்கவில்லை. முதன்முதலில் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது 1927-ல் வந்த 'விங்ஸ்'. முதல் உலகப் போரின் விமானப்படைக் கதை. அதிலும் ஹெர்ஷி சாக்லேட் வருகிறது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஹாரிசன் என்றொருவர் தியேட்டர்காரர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்தினார். அவருக்கு இதைக் கண்டாலே ஆகாது. மக்கள் டிக்கெட் வாங்குவது கதை பார்க்க, அவர்கள் காசிலேயே அவர்களுக்கு விளம்பரம் போடுவது என்ன நியாயம் என்று சளைக்காமல் சண்டை பிடித்தார். நியாயமான கேள்விதானே? கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, மொய்யும் வாங்கிக்கொண்டு, பந்தியில் பாத்திர வியாபாரம் பண்ணினால் நாம் சும்மா இருப்போமா?

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். பொய்ப் பெயர்க் கம்பெனிகளுக்கெல்லாம் பெரியண்ணன் ஒருத்தர் உண்டு. பெயர் 'ஆக்மி'. ரோடு ரன்னர் கார்ட்டூனை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பிள்ளைகள் சாக்கில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சக் ஜோன்ஸ் என்ற இயக்குநர் 1949-ல் ஆரம்பித்து வைத்தது. பாலைவனத்தில் ஓடுகிற ஒரு பறவை. அதைப் பிடிக்க அலைகிற நரி மாதிரி ஒரு பிராணி, கொயோட்டி. அந்த நரிக்கு ஒரே பலவீனம். எதற்கெடுத்தாலும் ஆக்மி கம்பெனியில் சாமான் வாங்கும். ராக்கெட் வாங்கும், சறுக்குச் சக்கரம் வாங்கும், வெடி வாங்கும். எல்லாம் அதன் முகத்திலேயே வெடிக்கும். மலையிலிருந்து விழும், நசுங்கும், கருகும். அடுத்த காட்சியில் மறுபடி அதே கம்பெனி டப்பா வந்து இறங்கும்!

'ஆக்மி' என்றால் கிரேக்கத்தில் சிகரம், உச்சி. அமெரிக்காவில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு ஆக்மி கடை இருந்தது. ஏன் தெரியுமா? டெலிபோன் டைரக்டரி அகர வரிசை. 'ஏ'யில் ஆரம்பித்து அடுத்த எழுத்தும் முன்னால் இருந்தால் பக்கத்தின் தலையில் இடம். அதற்காக வைத்த பெயர். நம்ம ஊரில் பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது மாதிரி, டைரக்டரியில் துண்டு போட்டு வைத்த பெயர். (சிரிப்பு) எல்லாருடைய பெயராகவும் இருந்ததால் அது யாருடைய பெயராகவும் இல்லை. கதைக்கு வசதியாகப் போயிற்று.

1960-ல் வந்த ஒரு ரோடு ரன்னர் படத்தில் 'நிலநடுக்க மாத்திரை' என்று ஒரு ஜாடி வரும். நரி அதை வைத்துப் பறவையை மடக்கப் பார்க்கும். பறவை ஜாலியாகச் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடும், ஒன்றும் ஆகாது. நரிக்குச் சந்தேகம், மிச்சத்தைத் தான் வாயில் கொட்டிக்கொள்ளும். அப்புறம்தான் ஜாடியில் அடியில் பொடி எழுத்தில் இருப்பது கண்ணில் படும். இது ரோடு ரன்னர் பறவைகளிடம் வேலை செய்யாது என்று போட்டிருக்கும்! நடுவர் அவர்களே, பொடி எழுத்தில் நிபந்தனை படிக்காமல் சாமான் வாங்கி மாட்டிக்கொள்ளாத குடும்பம் இந்த அரங்கத்தில் ஒன்று உண்டா? கை தூக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம். அந்த நரி நாம்தான் அய்யா! சாமான் விற்கிறவன் வாங்கிய நம்மை எப்படி நடத்துகிறான் என்பதை ஏழு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள். எந்த நிஜக் கம்பெனி வந்து, "எங்கள் மாத்திரை வேலை செய்யாது, பெயர் போட்டுக்கோங்க" என்று சொல்லும்? 1990-ல் நியூயார்க்கர் பத்திரிகையில் இயான் ஃப்ரேசியர் என்ற எழுத்தாளர், கொயோட்டி ஆக்மி கம்பெனி மேல் நஷ்ட ஈடு வழக்குப் போட்ட மாதிரியே ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினார். இல்லாத கம்பெனி மேல் இல்லாத நரி வழக்குப் போடுகிறது, படிக்கிறவன் மட்டும் நிஜமாகத் தலையாட்டுகிறான்.

மெய்யான விவரத்தைப் போட்டால் என்ன வம்பு வரும் என்பதற்கு ஒரு டெலிபோன் கதை சொல்கிறேன். அமெரிக்கப் படங்களில் டெலிபோன் நம்பர் பெரும்பாலும் 555 என்று ஆரம்பிக்கும். யார் வீட்டுக்கும் போகாத நம்பர். 2003-ல் ஜிம் கேரி நடித்த 'புரூஸ் ஆல்மைட்டி' படத்தில் கடவுளுக்கு ஒரு டெலிபோன் நம்பர் கொடுத்தார்கள். 555 இல்லை, சாதாரண நம்பர். கதை நடக்கிற ஊரில் அது யாரிடமும் இல்லை. ஆனால் மற்ற ஊர்களில் இருந்தது! படம் வந்ததும் அந்தந்த ஊரில் அந்த நம்பர் வைத்திருந்த அப்பாவிகளுக்கு போன். "ஹலோ, கடவுள் இருக்காரா?" (பலத்த சிரிப்பு) வீட்டு வீடியோவாக வந்தபோது நம்பரை 555-க்கு மாற்றினார்கள்.

அடுத்து இங்கிலாந்து. பி.பி.சி. நடப்பது மக்கள் கட்டுகிற லைசென்ஸ் பணத்தில். அதனால் எந்த வியாபாரிக்கும் இலவச விளம்பரம் கிடையாது என்பது அவர்கள் வைத்த சட்டம். 1970-ல் 'கிங்க்ஸ்' என்ற பாட்டுக் குழு ஒரு பாட்டில் கோகோ கோலா என்று ஒரு வார்த்தை வைத்தது. பி.பி.சி. போட முடியாது என்றது. பாடகர் ரே டேவிஸ் அப்போது அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தார். அங்கிருந்து விமானத்தில் லண்டனுக்கு வந்து, அதை செர்ரி கோலா என்று மாற்றிப் பாடிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தைக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டியிருக்கிறார்! பிள்ளைகள் நிகழ்ச்சியில் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளைக்கூடக் கம்பெனி பெயர் சொல்லாமல் 'முதுகில் பசை உள்ள பிளாஸ்டிக்' என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். நம் வீட்டில் மாமா பெயரைச் சொல்லக் கூடாது என்று அத்தை படுகிற பாடு மாதிரி இருக்கும். ஆனாலும் அந்தப் பிடிவாதத்தில் ஒரு மரியாதை இருந்தது. உன் வீட்டுக் கூடத்துக்குள் வியாபாரியை உன்னைக் கேட்காமல் கூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிற மரியாதை.

விளம்பரம் போடுகிற ஐ.டி.வி.யிலும் இடைவேளையில்தான் விளம்பரம், கதைக்குள் கூடாது என்று இருந்தது. அதில் 1960-லிருந்து ஓடுகிற தொடர் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'. அந்தத் தெருவின் மதுக்கடைக்குச் சரக்கு கொடுப்பது 'நியூட்டன் அண்டு ரிட்லி' என்கிற இல்லாத கம்பெனி. 2011 பிப்ரவரியில் சட்டம் மாறியது, காசு வாங்கிக்கொண்டு கதைக்குள் பொருள் காட்டலாம் என்று. அந்த வருஷமே அந்தத் தெருக் கடையில் நிஜமான நிதி நிறுவனத்தின் பணம் எடுக்கிற மெஷின் வந்தது. 2018-ல் நிஜக் காப்பிக் கடையே வந்துவிட்டது. இனி அந்தக் காப்பிக் கடை முதலாளி வேலைக்காரர்களை வதைப்பதாக அந்தத் தொடரில் கதை எழுத முடியுமா? எழுத மாட்டார்கள். தடை எதுவும் போட வேண்டாம், யாருக்கும் தோன்றவே தோன்றாது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறேன். பொய்ப் பெயர் வைத்தால் எழுதுகிறவனுக்கு ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. 1979-ல் வந்த 'ஏலியன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளியில் போகிற சரக்குக் கப்பல். அதில் ஒரு கொடிய பிராணி ஏறிவிடுகிறது. பயப்படவேண்டியது பிராணிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பாதிப் படத்துக்கு மேல் தெரியும், முதலாளிக் கம்பெனி ரகசிய உத்தரவு போட்டிருக்கிறது. பிராணியைப் பத்திரமாகக் கொண்டுவா, ஊழியர்கள் செத்தால் பரவாயில்லை என்று. பிராணிக்காவது பசி. கம்பெனிக்கு லாபக் கணக்கு.

அந்தக் கம்பெனிக்குப் பெயர் வைத்தவர் ரான் காப் என்ற ஓவியர். அவருக்கு உள்ளூர வைக்க ஆசையாக இருந்த பெயர் 'லேலண்ட் - டொயோட்டா'. பிரிட்டனும் ஜப்பானும் ஒன்று சேர்ந்து விண்வெளியை ஆள்வதாகக் கற்பனை. வைக்க முடியாது அல்லவா? அதனால் முதல் பெயரில் எழுத்தை மாற்றி 'வேலன்' ஆக்கினார். பக்கத்து வீட்டு ஜப்பானியர் பெயர் யூட்டானி. சேர்த்து 'வேலன் யூட்டானி'. நம்ம முருகன் பெயர் மாதிரி இருக்கிறதே என்று பக்தியோடு பார்க்காதீர்கள். (சிரிப்பு) பிறகு 1986-ல் அடுத்த படம் வந்தபோது 'வேலண்ட்' ஆகிவிட்டது. இன்னொன்று கேளுங்கள். அந்த லேலண்ட் நமக்கும் சொந்தம். சென்னையில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனியில் 1955-ல் பங்கு போட்டு 'அசோக் லேலண்ட்' ஆக்கியது அதே பிரிட்டிஷ் லேலண்ட்தான். எண்ணூரில் தயாராகி நம்மைச் சுமந்து போகிற பஸ்ஸின் மூக்கில் இருந்த பெயரும், அந்தக் கொலைகாரக் கம்பெனிக்கு விதையாக இருந்த பெயரும் ஒன்று! காப் எழுத்தை மாற்றியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள். நிஜக் கம்பெனிக்கும் பழி இல்லை, கதைக்கும் பயம் இல்லை. 1976-ல் 'நெட்வொர்க்' படத்தில் பேடி சயாஃப்ஸ்கி செய்ததும் இதே காரியம். 'யூ.பி.எஸ்.' என்று இல்லாத ஒரு டெலிவிஷன் கம்பெனியை வைத்து, பார்க்கிறவர் எண்ணிக்கைக்காக டெலிவிஷன் எதுவரை போகும் என்று தோலுரித்தார். நாம் இருக்கும் இடமும் டெலிவிஷன் அரங்கம், அதனால் இதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எதிரணி அண்ணன் சீட்டு எழுதி அனுப்புகிறார், '2000-ல் வந்த காஸ்ட் அவே படம்?' என்று. நல்ல கேள்வி அண்ணே. டாம் ஹாங்க்ஸ் ஃபெடெக்ஸ் கம்பெனி ஊழியர், தனித் தீவில் மாட்டிக்கொள்கிறார். நிஜக் கம்பெனி, நிஜப் பெயர். விளம்பரத்துக்காகப் பணம் கொடுக்கவில்லை. படமும் அருமை. அந்தக் கதைக்குப் பொய்ப் பெயர் வைத்திருந்தால் சப்பென்று போயிருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பெனி அனுமதி தரணும். தங்கள் விமானம் கடலில் விழுவதைக் காட்டவும் மனசு வரணும். வந்தது, சந்தோஷம். மனசு வராவிட்டால்?

வராத கதையைச் சொல்கிறேன். 2008-ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்'. நம்ம ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கார் வாங்கிக் கொடுத்த படம். மும்பை குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் கதை. அதில் ஒரு பெரிய கார்க் கம்பெனி, மெர்சிடஸ் பென்ஸ், தங்கள் கார் குடிசைப் பகுதியில் காட்டப்படுவதற்கு ஆட்சேபம் சொல்லிவிட்டது. இயக்குநர் டானி பாயில் பிற்பாடு சொன்னார், ரவுடி அந்தக் காரை ஓட்டுவதில் அவர்களுக்குச் சங்கடம் இல்லையாம். ஏழைகள் குடியிருக்கும் இடத்தில் நிற்பதுதான் சங்கடமாம்! எடுத்து முடித்த படத்தில் பல ஆயிரம் பவுன் செலவழித்துக் கம்ப்யூட்டர் வைத்து முத்திரையை அழித்தார்கள்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கொலைகாரன் கையில் இருக்கலாம், ஏழை வீட்டு வாசலில் இருக்கக் கூடாது. (கைதட்டல்) நிஜ மும்பையில் குடிசை ஓரமாக அந்தக் கார் போகிறதா இல்லையா? தினம் போகிறது. 'மெய்ப் பெயர் வந்தால் படம் உண்மையாக இருக்கும்' என்று தங்கை சொன்னாங்களே, மெய்ப் பெயர் வந்ததும் மெய்யான காட்சியை அல்லவா அழிக்க வேண்டியிருந்தது!

சிகரெட்டுக்கு வருகிறேன், வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் கட்டாயம் சொல்லணும். 1980-ல் 'சூப்பர்மேன் 2'. குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் பார்த்த படம். காமிக்ஸ் புத்தகத்தில் சிகரெட் தொடாத பெண் நிருபர் லோயிஸ் லேன், படத்தில் மார்ல்போரோ ஊதுகிறார். சண்டைக் காட்சியில் மார்ல்போரோ பெயர் எழுதின வண்டி மேல் சூப்பர்மேனைத் தூக்கி எறிகிறார்கள். சிகரெட் கம்பெனி பணம் கொடுத்திருந்தது. இப்படிப் பணம் கொடுத்துப் படத்தில் நுழைவதை நிறுத்துகிறோம் என்று அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் அங்குள்ள மாநிலங்களோடு ஒப்பந்தம் போட்டது 1998-ல்தான். ஆனால் 1993-ல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரைப் பாருங்கள். வில்லன் எப்போதும் புகை விட்டுக்கொண்டே வருவார். பாக்கெட் பார்க்க மார்ல்போரோ மாதிரி, பெயர் மட்டும் 'மார்லி'. கடையில் போய்க் கேட்டால் கிடைக்காது! கெட்டவன் கெட்ட பழக்கத்தோடு வருகிறான், பார்க்கிற பையனுக்கு வாங்க ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா இல்லையா?

பொய்ப் பெயர் எல்லாம் புனிதம் என்று நான் சாதிக்கவில்லை. ரோல்ட் டால் 1964-ல் எழுதிய குழந்தைக் கதையில் வில்லி வோங்கா என்று ஒரு மிட்டாய் முதலாளி. 1971-ல் படமானபோது பணம் போட்டது குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி. அதே பெயரில் மிட்டாய் விற்கிற திட்டம். அதனால் தலைப்பிலிருந்து கதைநாயகப் பையன் சார்லியை எடுத்துவிட்டு முதலாளி வோங்காவைப் போட்டார்கள். ஏழைப் பையனைத் தள்ளிவிட்டு முதலாளி தலைப்பில் ஏறிவிட்டார். கடைக்கு வந்த அந்தச் சாக்லேட் கையில் பிடிக்கும் முன்னே உருகுகிறது என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அது வேறு கதை. 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்து இறால் கம்பெனி 1996-ல் நிஜ ஓட்டலாகவே திறந்துவிட்டது. இல்லாத பெயருக்கும் ஒரு நாள் வியாபாரி விலை பேசி வந்துவிடுகிறான்.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு பீர் மட்டும் பாக்கி. குடிக்க இல்லை, பேச. (சிரிப்பு) 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் குடும்பத்தில் அப்பா ஹோமர் குடிப்பது 'டஃப்' பீர். இல்லாத பீர். ஆஸ்திரேலியாவில் ஒரு மதுக் கம்பெனி அந்தப் பெயரில் நிஜ பீரே காய்ச்சி விற்க ஆரம்பித்தது. கார்ட்டூன் படம் ஒன்றும் டப்பாவில் போடவில்லையே, வெறும் பெயர்தானே என்று வாதாடியது. 1996-ல் அங்குள்ள நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை, விற்காதே என்றது. தொடரைப் படைத்த மேட் குரோனிங் அந்தப் பெயரை நிஜ பீருக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற நிகழ்ச்சி, குடிக்கத் தூண்டும் என்பது அவர் காரணம். 2007-ல் சிம்ப்சன்ஸ் படத்துக்காக 'செவன் இலெவன்' கடைகள் பன்னிரண்டைக் கார்ட்டூன் கடை மாதிரியே மாற்றி, அதில் வருகிற கோலா, தானியப் பலகாரம் எல்லாம் நிஜமாகவே விற்றார்கள். டஃப் பீர் மட்டும் அலமாரியில் இல்லை.

அண்ணன் சிரிக்கிறார், அடுத்த வரி அவருக்குத் தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். 2015-ல் தொடரின் உரிமைக்கார கம்பெனியே சிலி நாட்டில் அந்தப் பெயரில் பீர் விற்க அனுமதி கொடுத்துவிட்டது. உண்மைதான் அண்ணே. ஆனால் அது இல்லாத பீராக இருந்த காலத்தில், 1993-ல், ஒரு காட்சி வைத்தார்கள். டஃப் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். மூன்று பெரிய தொட்டி. ஒன்றில் டஃப், ஒன்றில் டஃப் லைட், ஒன்றில் டஃப் டிரை. மூன்று பெயர். மேலே கேமரா போகிறது. மூன்று தொட்டிக்கும் ஒரே குழாய்! (பலத்த கைதட்டல்)

மணி அடித்துவிட்டீர்கள். அந்தக் குழாயைப் படம் எடுக்க எந்த நிஜ ஆலை கதவைத் திறந்துவிடும் என்று எதிரணி அண்ணன் தன் முறையில் சொல்லட்டும்.